பயற்றை வாடுகிறதா? மருந்தடிக்க முன் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுக் கிணற்றடியில், வாழைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் பயற்றை போட்டிருக்கிறார். ஆவணியில் ஊன்றிய 24 விதைகளும் முளைத்தன. மூன்றாம் கிழமைக்குள் 15 கன்றுகள் மஞ்சளித்துச் சாய்ந்தன. தண்டின் அடி வீங்கி வெடித்திருந்ததாம். செத்த இடங்களில் புரட்டாதியில் மறுபடியும் ஊன்றினார். இப்போது கொடி பந்தலேறிப் பூக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் நுனிகளில் கரி பூசியதுபோலக் கறுப்புப் பூச்சி, அதைச் சுற்றி எறும்பு. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு நான்கு செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே வாடி நிற்கின்றன. கடையில் தந்த மருந்தை இரண்டு தரம் அடித்திருக்கிறார், அடியில் சாம்பல் கொட்டியிருக்கிறார், யூரியாவும் பிடி பிடியாகப் போட்டிருக்கிறார். பக்கத்தில் போட்ட போஞ்சியும் பூவோடு நின்றுவிட்டது. "இனி எந்த மருந்தை அடிக்கலாம்?" என்பதுதான் கேள்வி.

ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறார், ஆனால் இதற்குள் மூன்று தனித்தனி வழக்குகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே போத்தலில் மருந்து கிடையாது. வாடல் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் மாதிரி, உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கான அறிகுறி மட்டும்தான்.

முதலில் செத்துப்போன 15 கன்றுகள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, போஞ்சி ஈயின் வேலை. பெயரில்தான் போஞ்சி. பயற்றை, பயறு, உழுந்து எதையும் அது விடாது. இரண்டு மில்லிமீற்றர் அளவில் மினுங்கும் கறுப்பு ஈ. கன்று முதல் இரண்டு இலைகளை விரித்தவுடன் வந்து, அந்த இலைகளைக் குத்தி முட்டையிடும். புழு இலைக்காம்பு வழியாக இறங்கித் தண்டின் தோலுக்குக் கீழே தின்றுகொண்டே அடிக்குப் போய், மண்மட்டத்துக்கு அருகில் கூட்டுப்புழுவாகிவிடும். வேருக்கும் இலைக்கும் நடுவே பாதை அறுந்துவிடுவதால் கன்று மஞ்சளித்துச் சாகிறது. செத்த கன்றின் அடித்தண்டை நகத்தால் உரித்துப் பார்த்திருந்தால், நொறுக்கிய சீரகத்தைப் போலக் கபில நிறக் கூடுகள் தெரிந்திருக்கும்.

மஞ்சளித்த பிறகு மருந்தடிப்பது பிரேதத்துக்கு வைத்தியம் பார்ப்பதுதான். இதை வரமுன் தடுக்க வேண்டும், வீட்டுத் தோட்டத்தில் தடுப்பது சுலபம். விதை ஊன்றிய அன்றே ஒரு பழைய நுளம்பு வலையை நான்கு தடி நட்டு மேலே விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். மூன்று கிழமை அப்படியே இருக்கட்டும், கொடி ஓடத் தொடங்கும்போது எடுத்துவிடலாம். (தடிக்குப் பச்சைப் பூவரசு வேண்டாம். பயற்றை செத்தாலும் அது தளிர்த்துவிடும், பிறகு வளவுக்கு நடுவில் ஒரு வேலி.) முளைத்து இரண்டு கிழமையானதும், தண்டைச் சுற்றி உதிரி மண்ணை நான்கு விரல் உயரத்துக்கு அணையுங்கள். ஈ குத்திய கன்றும்கூட அந்த மண்ணுக்குள் புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். செத்த கன்றுகளைக் குப்பைக்குழியில் போட்டிருந்தால் அதுதான் பிழை. கூட்டுக்குள் இருந்த ஈக்கள் அங்கேயே வெளிவந்து அடுத்த விதைப்புக்குக் காத்திருக்கும். எரித்துவிட வேண்டும்.

இரண்டாவது, அந்தக் கரிப்பூச்சி. அழுக்கணவன். பயற்றையையும் அழுக்கணவனையும் பிரித்துப் பார்த்தவர் யாழ்ப்பாணத்தில் யாரும் இல்லை, ஆகவே கலங்க வேண்டாம். ஆணின் தேவையில்லாமலே பெண்பூச்சிகள் நேரே குஞ்சுகளை ஈனும். அதனால்தான் நேற்று ஐந்து இருந்த நுனியில் அடுத்த கிழமை ஐந்நூறு. சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை விடும், அதற்காக எறும்பு வரும். வந்த எறும்பு அழுக்கணவனைத் தின்னும் பூச்சிகளைத் துரத்தி, மந்தைக்குக் காவல் நிற்பதுபோல நிற்கும்.

இங்கே இரண்டு விடயங்களில் நீங்களே அதற்கு உதவியிருக்கிறீர்கள். சொன்னால் கோபிக்கக் கூடாது. ஒன்று யூரியா. பயற்றையின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் பற்றீரியா காற்றிலிருக்கும் நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. பூக்கும் பருவத்தில் மேலதிகமாக யூரியா போட்டால் அந்த முடிச்சுகள் வேலையைக் குறைத்துக்கொள்ளும். தளிர் கொழுத்து மென்மையாகும், அழுக்கணவனுக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. அதோடு நீங்கள் போட்டது கிணற்றடியில். நமது செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல். மண்ணில் கரைந்தது எதுவும் கிணற்றுக்குப் போகாமல் நிற்பதில்லை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில், யூரியா போன்ற பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று, குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது பழைய செய்தி. அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இரண்டு பந்தல் பயற்றங்காய்க்காக அதில் இன்னொரு பிடியைச் சேர்க்க வேண்டாம்.

மற்றது அந்தக் கடை மருந்து. அழுக்கணவனைத் தின்று தீர்க்கும் பொறிவண்டையும் அதன் குஞ்சையும் அது முதலில் கொன்றிருக்கும். பொறிவண்டின் குஞ்சு முட்கள் வைத்த குட்டி முதலை மாதிரி விகாரமாக இருக்கும். அதைப் புழுவென்று நினைத்து நசுக்குபவர்களே அதிகம். நசுக்காதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒரு சங்கதி இருக்கிறது. மருந்துப் போத்தலின் லேபிளில், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருப்பார்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று மருந்துக்கு மருந்து மாறும். பயற்றங்காயோ இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டிய காய். விட்டால் முற்றி நார் ஏறிவிடும். ஆகவே காய்க்கத் தொடங்கிய பயற்றைக்கு மருந்தடிப்பது என்றால், ஒன்று நாலைந்து பறிப்பை வெட்டி எறிய வேண்டும், அல்லது மருந்தோடு சமைக்க வேண்டும். சந்தையில் வாங்கும் காயில் இந்தப் பயம் இருப்பதால்தானே வீட்டில் போடுகிறோம்? கடைசியாக அடித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து, லேபிளில் உள்ள நாள் கழியும் வரை வரும் காயைக் கறிக்கு எடுக்காதீர்கள்.

என்ன செய்யலாம்? மிக அதிகமாக மொய்த்த நுனிகளைக் கிள்ளி, சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போடுங்கள். மிகுதிக்குக் குழாய்த் தண்ணீரை விரலால் அழுத்திப் பீய்ச்சி, காலையில் தொடர்ந்து மூன்று நாள் கழுவுங்கள். கீழே விழுந்த அழுக்கணவனில் பெரும்பகுதி திரும்ப ஏறி வராது. அதன்பிறகும் நின்றால் வேப்பங்கொட்டைச் சாறு. ஆடி, ஆவணியில் முற்றத்தில் உதிரும் கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்திருந்தால், பருப்பில் 50 கிராமை இடித்து, துணியில் கட்டி, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பிழிந்து வடித்துக்கொள்ளுங்கள். இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சவர்க்காரம் கரைத்து, அன்று பின்னேரமே, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பயற்றம் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். பின்னேரம் அடித்தால் தேனீக்கும் பாதகமில்லை, இலையும் கருகாது. மழையில் கழுவுப்பட்டுப் போகும், ஏழு நாளுக்கு ஒருதரம் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

இதே சாறு, இனி வரப்போகும் காய் துளைக்கும் புழுவுக்கும் ஓரளவு உதவும், ஆனால் மொட்டுப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். காய்க்குள் போன புழுவை எந்தச் சாறும் எட்டாது. பூக்கள் ஒன்றோடொன்று நூலால் பின்னிக் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள், கையால் பறித்து நசுக்குங்கள். இருபது செடிக்கு ஐந்து நிமிட வேலை. இலைகள் திட்டுத் திட்டாகப் பச்சையும் வெளிறலுமாகச் சுருண்ட செடி ஏதும் இருந்தால், அது அழுக்கணவன் கொண்டுவந்த வைரஸ். அதைக் குணமாக்க முடியாது. பிடுங்கிவிடுங்கள், அதில் விதையும் எடுக்காதீர்கள், வைரஸ் விதையோடும் போகும்.

மூன்றாவதுதான் கஷ்டமான வழக்கு. பச்சையாக வாடும் நான்கு செடிகள். இதைக் கடிதத்தை வைத்து முழுதாகத் தீர்க்க முடியாது, நீங்கள்தான் என் கண்ணாக இருக்க வேண்டும். விடியற்காலை வெயிலேற முன் போய்ப் பாருங்கள். மத்தியானம் துவண்ட செடி விடியலில் நிமிர்ந்து நின்றால் பெரும்பாலும் நோயில்லை, வெயிலுக்கு இலையை மடக்கியிருக்கிறது. விடியலிலும் துவண்டே கிடந்தால், அதில் ஒன்றை மண்ணோடு தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் வேர் அறுந்து சாட்சியம் போய்விடும்.

மண்மட்டத்தில் தண்டைச் சுற்றிப் பஞ்சு போல வெள்ளை நூல்களும், அவற்றில் கடுகளவு வெள்ளை அல்லது கபில உருண்டைகளும் இருந்தால் அது கழுத்தழுகல் என்ற பங்கசு நோய். நான் சந்தேகப்படுவது இதைத்தான். மழை தொடங்கியதும் வந்திருக்கிறது, இலை பச்சையாகவே வாடுகிறது. நூல் இல்லாமல், தண்டை நெடுக்காகக் கீறினால் உள்ளே கபிலக் கோடு ஓடியிருந்தால் பியூசேரியம் என்ற பங்கசு. அதில் பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளிக்கும். வேர் கறுத்து நாறினால் தண்ணீர் தேங்கி மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது. வேர் முழுக்க முண்டு முண்டாக இருந்தால் கவனம், இதில் பலரும் ஏமாறுவார்கள். விரலால் தேய்க்க உதிர்ந்து விழும் உருண்டை நல்ல முடிச்சு, பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தேய்த்தாலும் விழாமல் வேரே வீங்கிப் பருத்திருந்தால் அது வட்டப்புழு, வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. ஒரு வருடம் நான் என் சொந்தத் தோட்டத்திலேயே நல்ல முடிச்சுகளை வட்டப்புழு என்று நினைத்து ஆறு நல்ல செடிகளைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

கழுத்தழுகல் என்றால் அந்தச் செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். அடிமண்ணில் இரண்டு கைப்பிடியோடு அள்ளி ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், குப்பைக்குழிக்குப் போகக் கூடாது. அந்தக் கடுகு உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மற்றச் செடிகளின் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சருகு, சாணி, சாம்பல் எல்லாவற்றையும் ஒரு சாண் தள்ளி ஒதுக்குங்கள். சாம்பலை இனி அடியில் கொட்டவே வேண்டாம். நமது கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் விடும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள், ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்குச் சாம்பலும் போனால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் இளம் இலைகள் நரம்பு பச்சையாக, இடைவெளி மஞ்சளாக மாறிவிடும்.

ஆனால் மூல காரணம் இடம் என்று நினைக்கிறேன். குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் ஓடிவரும் கிணற்றடி வாழைக்குப் பொருந்தும், பயற்றைக்குப் பொருந்தாது. அதிலும் குழி வெட்டி, தண்டைச் சுற்றிச் சட்டி மாதிரித் தண்ணீர் நிற்க விடுவது கோடைக்குச் சரி, மாரிக்குத் தவறு. இப்போதே குழிகளை மண்ணால் நிரப்பி, தண்டைவிட்டு வெளியே தண்ணீர் வழியும்படி சரிவாக்கி, ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். அடுத்த முறை வளவின் மேட்டுப் பக்கத்தில் அரையடி உயர மேடை போட்டு ஊன்றுங்கள். வாழையிலும் கத்தரியிலும் தக்காளியிலும் அதே வட்டப்புழு வாழும், அவற்றின் பக்கமும் வேண்டாம்.

பழைய இடத்தை இரண்டு வருடமாவது பயற்றைக்குக் கொடுக்காதீர்கள். சோளமோ குரக்கனோ போடலாம், மாலை கட்டும் மஞ்சள் செவ்வந்தியை (மேரிகோல்ட்) நெருக்கமாக நட்டால் வட்டப்புழு குறையும். ஆனி, ஆடியில் சோளகம் வீசி வெயில் கொளுத்தும்போது, மண்ணைக் கொத்தி நனைத்து, கண்ணாடி போன்ற பொலித்தீனால் மூடி ஓரங்களைப் புதைத்து ஐந்து ஆறு கிழமை விட்டால் மண் வெந்து பங்கசும் புழுவும் பெருமளவு சாகும். கறுப்புப் பொலித்தீன் இதற்கு அவ்வளவு உதவாது, வெயில் ஊடுருவ வேண்டும்.

தோண்டிப் பார்த்தும் பிடிபடாவிட்டால், செடியை வேரும் மண்ணுமாகப் பையில் போட்டு உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் பேசலாம். ஆனால் வேரைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

போஞ்சிக்கு உங்களிடம் பிழையில்லை. அது வெலிமடை, நுவரெலியாக் குளிருக்குப் பழகியது. நமது வெக்கையில் பூ உதிர்க்கும். அந்தத் தடிகளை வீணாக்காமல், வேலியோரம் ஓர் அவரைக் கொடியை ஏற்றிவிடுங்கள். பனி விழத் தொடங்கும் மார்கழியில் பூத்து, தை பிறக்கும்போது காய் தரும்.