ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால்?

கேள்வி: 18-55 லென்ஸோடு கேமரா வாங்கியிருக்கிறேன். திற்பரப்பு அருவி, கன்னியாகுமரி சூரிய உதயம், முட்டம் கடற்கரை என்று சுற்றிச் சுற்றி எடுக்கிறேன். கடையில் யுவி, சிபிஎல், என்டி மூன்றையும் செட்டாக வாங்கச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் வாங்குவதானால் எது? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: சிபிஎல், அதாவது பளபளப்பை வெட்டும், திருப்பக்கூடிய போலரைசர் ஃபில்டர். செட்டுக்கு ஆகும் பணத்தை ஒரே நல்ல சிபிஎல்லில் போடுங்கள். நனைந்த பாறையின் பளபளப்பு மறைத்துவிட்ட நிறத்தை, பிறகு கணினியில் உட்கார்ந்து மீட்பது கடினம்.

திற்பரப்பில் போட்டுப் பாருங்கள். முன் வளையத்தை மெல்லத் திருப்பினால், பாறையில் வெள்ளையாக மின்னும் ஈரம் விலகி அடியில் உள்ள பழுப்பு தெரியும். இலைகளில் பச்சை ஏறும். வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைவதால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/15 நொடியிலிருந்து 1/4 நொடியாகும். தண்ணீர் நூல் நூலாக விழத் தொடங்கும். டிரைபாட் கட்டாயம். தண்ணீர் இன்னும் வழவழப்பாக வேண்டும் என்று தோன்றும்போது, வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் என்டி ஃபில்டரில் என்டி8 வாங்கினால் போதும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். 18 மி.மீ. அகலக் கோணத்தில் வானத்தை அதிகம் சேர்த்தால், ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் போகும். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில்தான் சிபிஎல் முழுவேகத்தில் வேலை செய்யும் என்பதே காரணம்.

உதயத்துக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சூரியனுக்கு நேரே சிபிஎல்லால் வானத்தில் பலனில்லை; கூடுதல் கண்ணாடியால் படத்தில் பொய்ச் சூரியன் ஒன்று விழவும் கூடும். பாதி இருண்ட கிராஜுவேட்டட் என்டியை இங்கே நான் சொல்லமாட்டேன். பீடத்தோடு 133 அடி நிற்கும் வள்ளுவர் சிலை அடிவானத்துக்கு மேலே எழுவதால், வானத்தோடு சிலையும் கறுத்துவிடும். ரா ஃபார்மட்டில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மூன்று படம் எடுத்து இணைப்பதே மேல்.

சரி, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுவி? இன்றைய டிஜிட்டல் சென்சாருக்கு அது தேவையில்லை. ஆனால் முட்டத்தில் பாறையில் மோதித் தெறிக்கும் உப்புநீருக்கு முன்னால் லென்ஸை வெறுமனே நீட்டாதீர்கள். பிறகு முடிந்தால் சாதாரண யுவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஃபில்டரைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள்.

வாங்கும் முன் லென்ஸின் முன்பக்கம் Ø குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். அதுதான் ஃபில்டர் அளவு. பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்த அளவிலேயே சிபிஎல் எடுத்து, இப்போதைக்கு சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் ஸ்டெப்-அப் ரிங் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.