பூக்கட்டுகிற கை

அன்புள்ள அக்கா,

முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். மகளுக்குக் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், ஒரு மேல்சட்டை பின்னினேன். ஒன்றரை மாதம் ஆனது. அக்குளில் கொஞ்சம் பிடிக்கிறது, ஆனாலும் கழற்ற மாட்டேன் என்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சொல்லித்தரக் கேட்கிறார்கள். "எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துட்டா உன்கிட்ட யார் வாங்குவாங்க? கடையில 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதுக்கு இவ்வளவு பாடா?" என்கிறார் நாத்தனார். என்ன செய்யட்டும்?

— வ.

அன்புள்ள வ.,

சொல்லிக் கொடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு இந்த வேலை கைக்கு வந்தது 'தானே' என்ற புயலின் சமயத்தில். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்தது. கடலூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆனது. பகல் வெளிச்சம் இருக்கிறவரை எல்லாரும் வாசலில்தான். விழுந்து கிடந்த வேப்பமரத்தில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பெரியம்மா ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஊசியை நீட்டினார். அன்றைக்கு முழுக்க வெறும் செயின், சங்கிலி மாதிரி வரும் முதல் பின்னல். பயத்தில் நூலை இறுக்கி இறுக்கிப் பிடித்தேன், கண்ணிக்குள் ஊசி நுழையவே இல்லை. "பூக்கட்டுற மாதிரி பிடிடி" என்றார். அவ்வளவுதான், கை இளகிவிட்டது. காம்பு நசுங்கக் கூடாது, பூவும் நழுவக் கூடாது என்று விரல் ஒரு பதத்தில் நிற்குமே, அதே பதம். முல்லையும் கனகாம்பரமும் கட்டிப் பழகிய பெண்களுக்குக் குரோஷாவில் பாதி ஏற்கெனவே தெரியும்.

பெரியம்மா இப்போது இல்லை. நான் கண்ணி எடுக்கும்போது சுண்டுவிரல் மடங்குவது அவருடைய பழக்கம். என்னிடம் கற்றவர்களுக்கும் அப்படியே மடங்குகிறது.

நாத்தனார் சொல்வதற்கு வருகிறேன். கடையில் மலிவாகத் தொங்கும் பின்னலாடை பெரும்பாலும் இயந்திரம் போட்டது, அது வேறு பின்னல். உண்மையான குரோஷா உடை என்றால் இன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகக் கையால் எடுத்ததுதான். அது 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், பின்னியவர் கைக்கு என்ன போயிருக்கும்? இதை அவரிடமே கேளுங்கள்.

சொல்லிக் கொடுத்தால் பிழைப்பு போய்விடும் என்பதும் சரியில்லை. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. கன்னியாஸ்திரி மடங்களிலும் வீடுகளிலும் பெண்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துப் பரப்பிய குரோஷா லேஸ்தான் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. ஊரே கற்றுக்கொண்டதால்தான் அந்த லேஸுக்குப் பெயரே வந்தது.

கற்றுக்கொடுக்கும்போது எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கை ஒரே பக்கமாகத் தெரியும். இடக்கைக்காரி என்றால் மட்டும் எதிரே. கண்ணாடியில் பார்ப்பதுபோல அவளுக்குச் சரியாக இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கம்பளி நூல் வேண்டவே வேண்டாம், பருத்திதான். 3.5 மில்லிமீட்டர் ஊசி போதும். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாமல் நிறைய பேர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் அந்த அக்குள். துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். இதில் அந்தக் கவலை இல்லை. இரண்டு பக்கத் தையலையும் அக்குளிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே வரைக்கும், சட்டைக்குக் கை இருந்தால் கைத்தையலையும் அதே அளவுக்கு, பிரித்துவிடுங்கள். அதே நூலில் 5 சென்டிமீட்டருக்குச் சதுரமாக இரண்டு துண்டு பின்னி, முனை கீழே வரும்படி வைத்து மூட்டுங்கள். கை தூக்கினால் இழுக்காது.

அந்தச் சதுரங்களை நீங்கள் பின்ன வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்று பின்னட்டும்.