66 டிஷ் எதற்கு, ஒன்று போதாதா?

கேள்வி: சிலி நாட்டுப் பாலைவனத்தில் ‘ஆல்மா’ என்று 66 ரேடியோ டிஷ்களை வரிசைகட்டி வைத்திருக்கிறார்களே, அதற்குப் பதில் ஒரே டிஷ்ஷாகப் பெரிதாகக் கட்டியிருக்கலாமே? அதுவும் 5,000 மீட்டர் உயரத்தில் எதற்கு?

பதில்: கட்டலாம், 16 கிலோமீட்டர் அகலத்தில் கட்ட ஆள் கிடைத்தால்! தொலைநோக்கி எவ்வளவு அகலமோ அவ்வளவு துல்லியம், அலைநீளம் கூடினால் அகலமும் கூட வேண்டும். ஆல்மா பிடிப்பது மில்லிமீட்டர் அலைகள், கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் நீளமானவை. அதனால் 12 மீட்டர் டிஷ் 54, 7 மீட்டர் டிஷ் 12 என்று 16 கிலோமீட்டர் அகலம் வரை பரப்பிவைத்து, ஒவ்வொன்றுக்கும் சிக்னல் எத்தனை நொடித்துளி முன்பின்னாக வருகிறது என்பதைக் கணக்கிட்டு, கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ஆனால் ஒன்று, 16 கிலோமீட்டர் டிஷ்ஷின் கூர்மைதான் கிடைக்கும், அதன் வாங்கும் திறன் கிடைக்காது. அதற்கு இந்த 66 டிஷ்களின் பரப்பளவுதான் கணக்கு. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த டிஷ்களை ஒரே இடத்திலும் விடுவதில்லை, 28 சக்கர வண்டியில் தூக்கி, வேண்டியபடி நெருக்கியும் விலக்கியும் வைக்கிறார்கள்.

நட்சத்திரம் பிறக்கும் தூசு மேகங்கள் மைனஸ் 260 டிகிரி வாக்கில் கிடக்கும், சாதாரணத் தொலைநோக்கிக்கு வெறும் இருட்டு. ஆனால் அந்தக் குளிரிலும் அவை மில்லிமீட்டர் அலைகளை விடுகின்றன. நம் காற்றிலுள்ள ஈரம் அதைக் குடித்துவிடும் என்பதால்தான் அந்த அட்டகாமா பாலைவனத்தின் வறட்சியும் அந்த உயரமும். வாங்கும் கருவி சூடாக இருந்தால் அதன் இரைச்சலே சிக்னலை மூழ்கடித்துவிடும், ஆகவே அதையும் மைனஸ் 269 வரை குளிர்விக்கிறார்கள்.

பலன்? 2014-இல் சுமார் 450 ஒளியாண்டு தள்ளியுள்ள எச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றி, தூசுத் தட்டில் வளையம் வளையமாக இடைவெளிகள் தெரிந்தன. கோள்கள் உருவாகும்போது விழும் தடம் என்று பலர் கருதுகிறார்கள். பத்து லட்சம் வயதுகூட ஆகாத நட்சத்திரத்தில் இவ்வளவு சீக்கிரமா என்று வானியலாளர்களே அசந்துபோனார்கள்.

கேள்வி: இதை நம் புனே அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கியில் பார்க்க முடியாதா?

பதில்: முடியாது. அங்கேயும் 45 மீட்டரில் 30 டிஷ் இருக்கிறது, ஆனால் அவை கம்பி வலை. மீட்டர் அளவு நீள அலைகளுக்கு வலை போதும், மில்லிமீட்டர் அலை ஓட்டை வழியே போய்விடும். ஹைட்ரஜன் வாயுவையும் பல்சாரையும் (வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை விடும் நட்சத்திரம்) தேட அது கெட்டிக்கார ஆள், வேலைதான் வேறு.