பாரிஸிலிருந்து ஒரே நாளில் வட பிரான்ஸிலுள்ள லான்ஸ் சுரங்க நகருக்குப் போய் வரலாமா? அங்கே பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

தாராளமாகப் போய் வரலாம். பாரிஸின் லா சப்பல் பகுதியில் சித்தப்பா வீட்டில் தங்கியிருப்பதாகவும், "அது பழைய நிலக்கரி ஊர், கரிமேட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று அவர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைக்கிறது. கரியோடு சேர்ந்து மேலே வந்த கழிவுக்கல்லைக் கொட்டிக் குவித்த அந்தக் கரிமேட்டைப் பார்க்கத்தான் போக வேண்டும். அங்குள்ள லூவ்ர் அருங்காட்சியகக் கிளையை (லூவ்ர்-லான்ஸ்) மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவதாக இருந்தால் போகவே வேண்டாம். பெரிய லூவ்ர் பாரிஸிலேயே இருக்கிறது.

முதலில் நாளைச் சரியாகப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை லூவ்ர்-லான்ஸ் விடுமுறை. அடுத்து, ஆர்.சி. லான்ஸ் கால்பந்து அணிக்கு உள்ளூரில் ஆட்டம் இருக்கும் நாளைத் தவிருங்கள். ஊரின் மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். பொலேர் மைதானத்தின் இருக்கைகள் 38,000. ஊரைவிட மைதானம் பெரிது என்றால் அன்று ரயிலும் தெருவும் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மைதானமும் சுரங்கக் கம்பெனி கட்டியதுதான். 1930களில் வேலையில்லாமல் இருந்த சுரங்கத் தொழிலாளர்களை வைத்துக் கட்டினார்கள். பெயர் கம்பெனி இயக்குநருடையது.

லா சப்பலிலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம், பத்து நிமிடம். அங்கிருந்து லான்ஸுக்கு நேரடி டிஜிவி (அதிவேக ரயில்) உண்டு, ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம். இரண்டு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒன்று, டிஜிவி சீட்டின் விலை நாள் நெருங்க நெருங்க ஏறும், முன்கூட்டியே வாங்குங்கள். இரண்டு, சில வண்டிகள் அராஸ் நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். கிடைத்த பெட்டியில் ஏறி, பிறகு உள்ளே நடந்து இடம் தேடலாம் என்று நினைத்தால் வேறு ஊரில் இறங்குவீர்கள். சீட்டில் உள்ள பெட்டி எண்ணைப் பார்த்து அந்தப் பெட்டியிலேயே ஏறுங்கள். வழி கேட்கும்போது கண்ணாடிக்குச் சொல்வதுபோல "லென்ஸ்" என்று சொன்னால் புரியாது. "லான்ஸ்", கடைசி ஸ் ஒலிக்க வேண்டும். கரிமேட்டுக்கு அவர்கள் சொல் "தெரி". எழுதும்போது கடைசியில் ல் உண்டு, வாயில் வராது.

இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். நிலையமே முதல் காட்சி. முதல் உலகப்போரில் 1914 அக்டோபர் முதல் நான்கு ஆண்டு லான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அவர்கள் விட்டுப்போனபோது ஊரில் நிற்கும் கட்டடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. இப்போதுள்ள நிலையம் அதன் பிறகு, 1927-இல், உர்பேன் கஸ்ஸான் கட்டியது. எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள்: நீண்ட கூடம் நீராவி இஞ்சினின் கொதிகலன், அரைவட்ட வளைவுகள் சக்கரங்கள், 23 மீட்டர் மணிக்கூண்டு புகைபோக்கி. உள்ளே சுவரில் ஒகுஸ்த் லபுரேயின் மொசைக் ஓவியங்களில் சுரங்கத் தொழிலாளரின் அன்றாடம். கான்கிரீட் கட்டடத்தை ஒரே பாளமாக எழுப்பாமல் தனித்தனிப் பகுதிகளாக எழுப்பினார்கள். காலடியில் கரியை எடுத்துவிட்டால் நிலம் அமுங்கும். ஒரே பாளமாக இருந்தால் பிளந்துவிடும்.

இந்த "நிலம் அமுங்குவது" என்பதை மனதில் வைத்துக்கொண்டால் ஊரில் பாதி விஷயம் தானாக விளங்கும். தொழிலாளர் வீடுகள் முதலில் நீண்ட ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டப்பட்டன. அதற்குக் "கொரோன்" என்று பெயர். அடியில் ஓரிடம் இறங்கினால் வரிசை முழுவதும் விரிசல் ஓடும். பிறகு வந்த குடியிருப்புகளில் இரண்டு வீடு, நான்கு வீடு என்று தனித்தனியாகப் பிரித்து, சுற்றிலும் தோட்டம் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். (வேலை முடிந்தவன் சாராயக் கடைக்கோ சங்கக் கூட்டத்துக்கோ போகாமல் தோட்டத்தைக் கொத்தட்டும் என்ற கணக்கும் கம்பெனிக்கு இருந்தது.) இப்பகுதியில் சில இடங்கள் பல மீட்டர் இறங்கிவிட்டன. சுரங்கம் மூடிய பிறகும் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் வீடுகளுக்குள் தண்ணீர் வரும்.

நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு இலவசப் பேருந்து உண்டு. ஆனால் நடங்கள், 20 முதல் 25 நிமிடம்தான், வழிப்பலகைகள் இருக்கின்றன. சுரங்கத்திலிருந்து கரி வண்டிகள் போன பழைய தண்டவாளத் தடத்தைத்தான் நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ஏற்ற இறக்கமே இல்லாமல் வழி போகிறதே என்று நினைப்பீர்கள். கரி ஏற்றிய வண்டி போன பாதை அப்படித்தான் இருக்கும்.

லூவ்ர்-லான்ஸ் நிற்கும் இடம் 9-ஆம் எண் சுரங்கத்தின் முற்றம். கரி எடுப்பது 1960-இல் நின்றது. ஜப்பானின் சானா குழு (கசுயோ செஜிமா, ரியூவே நிஷிசாவா) வடிவமைத்த கட்டடம் 2012 டிசம்பர் 4 அன்று, சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதையான பார்பராவின் திருநாளில் திறந்துவைக்கப்பட்டது. அலுமினியமும் கண்ணாடியுமாக, தரையோடு தரையாகக் கிடக்கும் கட்டடம். "காலக் கூடம்" 120 மீட்டர் நீள ஒரே அறை, நடுவே தடுப்புச் சுவர் கிடையாது. எழுத்து தோன்றிய காலம் தொடங்கி 19-ஆம் நூற்றாண்டு வரை நடந்துகொண்டே வரலாம். இதற்குக் கட்டணம் இல்லை, தற்காலிகக் கண்காட்சிக்குத்தான் சீட்டு. ஒன்றேகால் மணி நேரம் போதும். இதற்கு மேல் இங்கே நின்றால் மேடு ஏற நேரம் இருக்காது.

கைப்பேசி வரைபடத்தில் "9-9 பிஸ் சுரங்கம்" என்று தேடாதீர்கள். உவாஞி என்ற வேறு ஊரில் அதே எண்ணில் இன்னொரு சுரங்கம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். இப்பகுதியின் கடைசிக் கரி 1990 டிசம்பர் 21 அன்று மேலே வந்தது அந்த உவாஞியில்தான். பார்க்க வேண்டிய இடம், ஆனால் வேறொரு நாளைக்கு.

இனி மேடு. அருங்காட்சியகத்திலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டருக்குள் லோஸ்-ஆன்-கோயெல். அங்குள்ள 11/19 சுரங்கத்தில் 1986 வரை வேலை நடந்தது. இரும்புத் தூக்குக் கோபுரமும், 1960-இல் எழுந்த 66 மீட்டர் கான்கிரீட் கோபுரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே வேலைக்கு இரண்டு தலைமுறைத் தொழில்நுட்பம்: ஆளையும் கரியையும் கம்பிவடத்தில் ஏற்றி இறக்குவது. அவற்றுக்குப் பின்னால் இரட்டைத் தெரிகள். உச்சி கடல்மட்டத்திலிருந்து 186 மீட்டர், சுற்றுநிலத்திலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 140. ஐரோப்பாவின் மிக உயரமான கரிமேடுகள் என்று இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

ஏறி இறங்க இரண்டு மணி நேரம் வையுங்கள். அடிப்பிடி நல்ல பூட்ஸ் அவசியம். மேடு முழுவதும் கறுத்த பலகைக்கல் சில்லுகள். ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும், ஓரம் கத்திபோல் இருக்கும். மழை பெய்த மறுநாளும் வழுக்கும். வெயிலில் அந்தக் கறுப்பு சூட்டை வாங்கி முகத்தில் அடிக்கும். மேலே காற்று பிடித்துத் தள்ளும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கீழிருந்தே கொண்டுபோங்கள், சரிவில் குழாயும் இல்லை கடையும் இல்லை. இறங்கும்போது குறுகலாக அடி வைத்து, குதிகாலை முதலில் ஊன்றுங்கள். குறுக்குவழியில் சறுக்கி இறங்குகிறவர்களால்தான் மழைநீர் ஓட வாய்க்கால் விழுந்து மேடு அரிகிறது.

ஏறும்போது ஓரிடத்தில் உட்கார்ந்து கையளவு கல்லை எடுத்துப் பாருங்கள். புத்தகம்போல ஏடு ஏடாக இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் ஏட்டில் பெரணி இலையின் அச்சு, நரம்பு நரம்பாகத் தெரியும். 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடு அது. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். சில மேடுகளில் கல் கறுப்பாக இல்லாமல் செங்கல் நிறத்தில் இருக்கும். கல்லோடு கலந்து கொட்டப்பட்ட மிச்சக் கரி உள்ளே தானாகக் கனன்று எரிந்ததால் வந்த நிறம். இன்னும் உள்ளே சூடு அடங்காத மேடுகள் இருக்கின்றன. தடத்தை விட்டு விலகாதீர்கள் என்று பலகை வைத்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது.

உச்சியிலிருந்து மைதானம், அருங்காட்சியகத்தின் வெள்ளிக்கோடு, செங்கல் வீட்டு வரிசைகள், தூரத்தில் முதல் உலகப்போர்க் களமான விமி முகடு எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளும் இந்தச் சுரங்கப் பகுதி 2012 ஜூன் 30 அன்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 109 இடங்கள் அதில் அடக்கம், இந்த மேடுகளும்தான். குப்பைமேடு என்று இடித்துத் தள்ள நினைத்தவற்றை அவ்வூர் மக்கள் போராடிக் காத்தார்கள்.

"ஏழை ஊரைக் காட்சிப்பொருள் ஆக்குகிறாயா?" என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்கலாம். வேலையின்மை அங்கே உண்மை, மறைக்கவில்லை. ஆனால் எனக்கு ஆற்றாமை வேறு பக்கம். காணொளி எடுக்கும் நம்மவர்கள் சிலர் இந்த மாதிரி ஊர்களுக்கெல்லாம் "பேய் நகரம்" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். பல்லாயிரம் பேர் குடியிருக்கும் ஊருக்கு அது எப்படிப் பொருந்தும்? கொரோன் வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள், பலர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் மனைவி மக்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். எதிரில் வருகிறவருக்கு ஒரு "போன்ஷூர்" சொல்லுங்கள், நின்று பேசுவார்கள்.

அவர்களில் எத்தனை பேர் எங்கிருந்தோ வந்தவர்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பிரான்ஸும் போலந்தும் 1919-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு போலந்துக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1960, 70களில் ஃபெலிக்ஸ் மொரா என்ற ஆளெடுப்பு அதிகாரி மொரோக்கோ கிராமங்களில் இளைஞர்களை வரிசையில் நிறுத்தி உடம்பைச் சோதித்து, நெஞ்சில் முத்திரை குத்தினார். பச்சை என்றால் வேலை, சிவப்பு என்றால் வீட்டுக்குப் போ. சுரங்கம் மூடப்போகிறது என்று தெரிந்தே குறுகிய ஒப்பந்தத்தில் அழைத்து வந்தார்கள். மற்ற தொழிலாளருக்கு இருந்த உரிமைகளை 1980-இல் வேலைநிறுத்தம் செய்துதான் பெற்றார்கள். கம்பெனி கட்டடங்களைப் படம் பிடிக்கிறவர்கள் இவர்களைப் பற்றி ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சாப்பாடு: உணவகங்களில் மதியம் 12 முதல் 2 வரைதான், அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். வறுத்த உருளைக்கிழங்கு விற்கும் வண்டிக்கடை எப்போதும் கை கொடுக்கும். நீங்கள் சைவம் என்றால் கவனம். இப்பகுதியில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் மரபு. "உயில் வெஜெத்தால்?" என்று கேளுங்கள், தாவர எண்ணெயா என்று பொருள். சந்தேகம் என்றால் சித்தி கையால் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், மேட்டு உச்சியில் சாப்பிடலாம்.

இன்னொரு நாள் கிடைத்தால் லெவார்து போங்கள். துவே நிலையத்தில் இறங்கிப் பேருந்து. 1931 முதல் 1971 வரை இயங்கிய தெலுவா சுரங்கம்தான் இப்போது அருங்காட்சியகம். வழிகாட்டியோடு போகும் 450 மீட்டர் சுரங்கப்பாதை பின்னால் அமைத்தது. ஆழத்தில் இறங்குகிறோம் என்று எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள். உண்மையான பொருள்கள் மேலேதான் இருக்கின்றன. "தூக்கிலிடப்பட்டவர் கூடம்" என்று தொழிலாளர்களே பெயர் வைத்த உடைமாற்றும் அறையில் அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து கொக்கிகளில் சட்டை, கால்சட்டை, பூட்ஸ் தொங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கிலி. துணியை மாட்டி இழுத்து மேலே ஏற்றிக் கீழே பூட்டிவிடுவார்கள். வெப்பக்காற்று மேலே நிற்பதால் ஈரத்துணி உலரும், தரையில் இடம் மிஞ்சும், திருடும் போகாது.

மெரிகூர் கல்லறைக்கும் நேரம் ஒதுக்குங்கள், லான்ஸுக்கு அருகில்தான். 1906 மார்ச் 10 அன்று கூர்ரியேர் கம்பெனியின் சுரங்கங்களில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். தேடுவதை ஏறக்குறைய கைவிட்ட நிலையில், இருபது நாள் கழித்து 13 பேர் தாங்களாகவே வழி தேடி வெளியே வந்தார்கள்.

கடைசியாக, இந்தியரான நமக்கு நேரடித் தொடர்புள்ள இரண்டு இடங்கள். நோத்ர்-தாம்-த-லொரெத் குன்றிலுள்ள நினைவு வளையத்தில், இந்தப் பகுதியில் முதல் உலகப்போரில் மாண்ட 5,79,606 பேரின் பெயர்கள் நாடும் பதவியும் பார்க்காமல் அகர வரிசையில் இருக்கின்றன. 'சிங்' என்ற பெயர் பலகை பலகையாக வரும். லான்ஸிலிருந்து கார் அல்லது டாக்ஸிதான். நவ்-ஷப்பெல் என்ற ஊரில் 1927-இல் திறந்த இந்தியர் நினைவிடத்தில், கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அதற்குப் பெத்யூன் வரை ரயிலில் போய் அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும். திரும்பி வரவும் அதே வண்டியை அப்போதே பேசிக்கொள்ளுங்கள்; வயல்வெளி நடுவே நின்று டாக்ஸி தேட முடியாது.