பூட்டு இருக்கும்போது கடிகாரம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அடல்ட் சேனல்களை அனுமதிக்கிறார்கள். ஆனால் பகலில் நிர்வாணம் காட்டக் கூடாது என்கிறார்கள். இரவில் சரி, பகலில் தப்பு என்பது போலித்தனம்தானே?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: ஒரே சொல்லில் அப்படித் தள்ளிவிட முடியாது. நீங்கள் இரண்டு வகைச் சேனல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். ரிமோட்டை அழுத்தினாலே யார் வீட்டிலும் வந்துவிடும் இலவசச் சேனல் ஒரு வகை. சந்தா கட்டி, ரகசிய எண் போட்டால்தான் திறக்கும் சேனல் இன்னொரு வகை. முதல் வகைக்கு நேரக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். இரண்டாவதற்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

இந்த நேரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு நியாயமான பிறப்பு உண்டு. 1973 அக்டோபரில் ஒரு நாள் பிற்பகல் 2 மணி வாக்கில் நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று, கெட்ட வார்த்தைகள் நிறைந்த நகைச்சுவைப் பேச்சு ஒன்றை ஒலிபரப்பியது. மகனோடு காரில் போனபோது அதைக் கேட்ட ஒருவர் புகார் எழுதினார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வானொலியும் தொலைக்காட்சியும் யாரும் கூப்பிடாமலே வீட்டுக்குள் வருகின்றன, சின்னப் பிள்ளைகளும் எளிதில் கேட்டுவிட முடியும், அதனால் அரசு கட்டுப்படுத்தலாம் என்று 1978-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இரவு 10 முதல் காலை 6 வரைதான் அத்தகைய நிகழ்ச்சிகளுக்கு இடம் என்ற இன்றைய விதிக்கு வேர் இதுதான்.

ஆனால் கடிகாரம் முரட்டுக் கருவி. 2003-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியின் போலீஸ் தொடர் ஒன்றில் ஒரு பெண்ணின் நிர்வாணக் காட்சி வந்தது. கிழக்குக் கடற்கரையில் அது ஒளிபரப்பானது இரவு 10 மணிக்கு, சிக்கல் இல்லை. மத்திய நேர மண்டலத்தில் அதே காட்சி வந்தது 9 மணிக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்காக 2008-இல் 45 நிலையங்களுக்குத் தலா 27,500 டாலர் அபராதம் விதித்தார்கள். பிறகு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1990-களின் கேபிளில் பிளேபாய், ஸ்பைஸ் மாதிரி சேனல்களைச் சந்தா கட்டாத வீடுகளுக்குப் படம் புரியாதபடி கலைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனால் அந்த அனலாக் பூட்டு ஒழுங்காக வேலை செய்யாது. படம் நெளிந்து நெளிந்து ஓடும், நடுவில் சில நொடி உருவம் தெளிந்துவிடும், சில இடங்களில் குரல் அப்படியே கேட்கும். பிள்ளைகள் கண்ணில் இது படுகிறது என்ற கோபம் நியாயமானது. 1996 தொலைத்தொடர்புச் சட்டம் என்ன சொன்னது? இந்தச் சேனல்களை ஒரு துளி கசியாமல் அடைத்துவிடுங்கள், முடியாவிட்டால் இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் காட்டுங்கள். கசியாமல் அடைக்கும் கருவிக்குச் செலவு அதிகம். கேபிள்காரர்கள் பெரும்பாலோர் பகலில் சேனலையே நிறுத்திவிட்டார்கள். அடல்ட் நிகழ்ச்சிகளை மக்கள் பார்ப்பதில் 30 முதல் 50 சதவீதம் இரவு 10 மணிக்கு முன்புதான் என்பது வழக்கில் வெளிவந்த கணக்கு. அவ்வளவு வியாபாரமும் போயிற்று. கசிவே இல்லாத வீட்டில், பிள்ளையே இல்லாத வீட்டில், காசு கட்டியவருக்கும் பகலில் கிடையாது.

பிளேபாய் வழக்குப் போட்டது. 2000 மே 22 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் 5-க்கு 4 என்று பிரிந்து, இந்த முறை அந்தச் சட்டப் பிரிவை ரத்து செய்தது. நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வேண்டாம் என்று கேட்கும் வீட்டுக்குக் கேபிள்காரர் இலவசமாக அடைத்துத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் இன்னொரு பிரிவே சொல்கிறது, அது போதும்போது நாடு முழுக்கப் பகலை மூட வேண்டியதில்லை. அப்படிக் கேட்டவர்கள் அரை சதவீதம்கூட இல்லை. இந்த வசதி பலருக்குத் தெரியவில்லை என்றால் அதை நன்றாக விளம்பரப்படுத்தட்டும். இது முழுக்கச் சரியான தீர்ப்பு.

அப்புறம் பிரிட்டன். அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் என்ற அமைப்பு இரவு 9 மணியைக் கோடாக வைத்திருக்கிறது, காலை 5.30 வரை தளர்வு. அங்கே இலவச அடல்ட் 'சாட்' சேனல்கள் உண்டு. கேமரா முன்னால் ஒரு பெண், திரையின் கீழே ஒரு போன் நம்பர், நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். சந்தா கிடையாது, போன் வந்தால்தான் காசு. காலை 7 மணிக்கும் போன் வர வேண்டும் என்றால் எல்லை மீறத் தோன்றும், மீறினார்கள். டீஸ் மீ சேனல்களை நடத்திய பேங் நிறுவனங்களுக்கு 2010 ஜூலையில் 1,57,250 பவுண்டு அபராதம் போட்டும் திருந்தாததால், நவம்பரில் நான்கு உரிமங்களைப் பறித்தது ஆஃப்காம். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை ரிமோட்டைத் தட்டினால் வரும் இடத்தில் இது நடந்தது. உரிமத்தைப் பறித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில். அதே ஆஃப்காம், ரகசிய எண் கட்டாயமாக உள்ள சந்தாச் சேனலிலும் அடல்ட் காட்சிகளை இரவு 10 முதல் காலை 5.30 வரைதான் விடுகிறது. பூட்டும் போட்டு, கடிகாரமும் மாட்டியிருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து வரும் மருத்துவமனை ஊழியர் கட்டும் சந்தா, அவர் வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் பயன்படாது. 2025 ஜூலை முதல் ஆபாச இணையதளங்களுக்கு வயதுச் சோதனை கட்டாயம். அதை மேற்பார்வை செய்வதும் ஆஃப்காம்தான். வயதை நிரூபித்துவிட்டால் காலை 11 மணிக்கும் அந்தத் தளம் திறக்கும். இணையத்தில் பூட்டை நம்புகிறவர்கள் தொலைக்காட்சியிலும் நம்பட்டும். ரகசிய எண் உள்ள சேனல்களுக்கு அந்த 10 மணி விதியை எடுத்துவிட வேண்டும்.