பக்கத்துப் பள்ளியா, பெரிய பள்ளியா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள்

கேள்வி: ஐயா, வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறோம். மகளுக்கு வரும் ஜூனில் ஐந்து வயது முடிகிறது. அரசுப் பள்ளிதான் என்று முடிவு செய்துவிட்டோம். தெருமுனையில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. 50 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் 2 கி.மீ. தள்ளி நடுநிலைப் பள்ளி. 300 பிள்ளைகள், ஆங்கில வழியும் உண்டு. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் சேர்க்கலாம்?

பதில்: இரண்டே ஆசிரியர்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. 61 ஆனால் மூன்று பேர், 91 ஆனால் நான்கு பேர். ஆகவே 50 பிள்ளைக்கு இருவர் என்பது குறை இல்லை. பெரிய பள்ளியில் ஆசிரியர்கள் நிறைய இருப்பார்கள், சரி. ஆனால் உங்கள் மகள் உட்காரப் போகும் ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை ஆசிரியர் என்று கேட்டீர்களா? மொத்தக் கணக்கு நமக்கு எதற்கு?

வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைப்பார்களே என்று அடுத்த கவலை வரும். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு 1, 2, 3 வகுப்புகளுக்குப் பாடமே பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் நடக்கிறது. சின்னப் பள்ளிக்கு இது தோதான முறை. உண்மையான சிக்கல் வேறு இடத்தில். ஒரு ஆசிரியர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால், இன்னொருவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். நானும் மேய்த்திருக்கிறேன். அன்றைக்குப் பாடம் நடக்காது, கையைக் கட்டி வாயைப் பொத்தல்தான் நடக்கும். அப்படிப்பட்ட நாட்களில் என்ன செய்கிறீர்கள் என்று தலைமையாசிரியரிடம் நேராகவே கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்கிறவர் நல்லவர்.

இனி முக்கியமான வேலை. இரண்டு பள்ளிக்கும் ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். ஆண்டு விழா அன்று வேண்டாம். அனுமதி கேட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு பள்ளியில் ஒரு பையன் எனக்கு ஒரு பக்கத்தைத் தங்குதடையின்றி ஒப்பித்தான்; அசந்துபோனேன். அப்புறம் பார்த்தால் புத்தகம் தலைகீழாக இருந்தது! அதனால் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோ கல்யாணப் பத்திரிகையோ கொண்டுபோங்கள். 'சர்க்கரை', 'முகூர்த்தம்' மாதிரிச் சொல்லை எழுத்துக்கூட்டியாவது படித்துவிட்டால் அந்தப் பள்ளியில் பாடம் நடக்கிறது. பத்துப் பிள்ளையில் நன்றாகப் படிக்கிற ஒன்றை ஆசிரியரே பொறுக்கித் தருவார். நீங்கள் கடைசி வரிசையைப் பார்த்து, 'நீ வாம்மா' என்று கூப்பிடுங்கள்.

கூடவே இரண்டாம் வகுப்பு நோட்டு ஒன்றைப் புரட்டுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதியது எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். பிள்ளை சொந்தமாக எழுதியதில் தப்பு இருக்கும், அதன்மேல் சிவப்பு மை இருக்கும். எனக்குப் பிடித்தது அந்தத் தப்பும் சிவப்பு மையும் உள்ள நோட்டுதான். கடைசியாகத் திருத்திய தேதி எது என்றும் பாருங்கள்.

ஆங்கில வழி பற்றி: பல பள்ளிகளில் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே ஆசிரியர்தான், பேச்சும் தமிழில்தான். புத்தகம் மட்டும் ஆங்கிலம். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் பழக்கமில்லை என்றால் முதலில் தமிழில் படிக்க வரட்டும் என்பேன். இதில் பெற்றோர் பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஆகியவற்றுக்கு 6 முதல் 12ஆம் வகுப்பு வரை எங்கே படித்தாள் என்றுதான் பார்ப்பார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை அப்படியல்ல. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று கேட்கிறார்கள்.

அந்த நெடுஞ்சாலைதான் எனக்கு இடிக்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, நடுநிலைப் பள்ளியிலும் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. மணி அடிக்கும் முன்பே பந்தி முடிந்துவிடும். தெருமுனைப் பள்ளி என்றால் நடந்துபோய்ச் சூடாகப் பொங்கல் சாப்பிடுவாள். 2 கி.மீ. தள்ளி என்றால், சென்னை–பெங்களூரு லாரிகளுக்கு நடுவே யார் தினமும் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டி வருவது? நம் ஊர் வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை. கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று மத்தியானம் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா இடத்திலும் வரும்.

படிக்கச் சொல்லிப் பார்த்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பக்கத்துப் பள்ளியில் சேருங்கள். ஐந்து முடித்த பிறகு ஆறாம் வகுப்புக்கு அந்த நடுநிலைப் பள்ளிக்கே போகலாம். மேலே சொன்ன மருத்துவ ஒதுக்கீடு, புதுமைப் பெண் இரண்டின் கணக்கும் ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பம். கடைசி வரிசைப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் திக்கி நின்று, பெரிய பள்ளியில் படித்துக் காட்டினால் மட்டும் சாலையைத் தாண்டுங்கள்.

ஜூலை 31க்குள் ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம், உங்கள் மகளுக்கு வயது சரி. பிறப்புச் சான்றிதழ், ஆதார் எடுத்துப் போங்கள். ஏதாவது இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. இடமாறுதல் கலந்தாய்வு முடிந்து, நீங்கள் பார்த்துப் பிடித்துப்போன ஆசிரியர் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒருதரம் எட்டிப் பாருங்கள்.