சொந்தமாக மாற்றிய கேம்பர்வானைச் சில முகாம் தளங்கள் ஏன் ஏற்பதில்லை?

கேம்பர்வான் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே வைத்த வான். பிரித்தானியாவில் பலர் சாமான் ஏற்றும் வானை வாங்கித் தாங்களே அப்படி மாற்றுகிறார்கள். அங்குள்ள சில முகாம் தளங்கள் அவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் காணியில் வான்களுக்கு இடம் கொடுக்க நினைப்பவர்களும் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதற் காரணம் காஸ். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் வானின் தரையில் தேங்கும். அது வெளியேற சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓட்டை வேண்டும். இருக்கிறதா என்று வாசலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்துக் கூடாரத்தில் பிள்ளைகள் தூங்குவார்கள். வயரிங் சோதனை அறிக்கை இல்லாமல் புது வீட்டுக்கு மின்சார சபை கரண்ட் தராததைப் போலத்தான் இதுவும்.

கழிவுநீரை நிலத்தில் விடுவது அடுத்த தலையிடி. வானின் தோற்றம் பிடிக்காமல் மறுப்பவர்களும் உண்டு. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. எதற்கும் போகுமுன் படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

வாகனம் வீதியில் ஓடத் தகுதியானது என்று பிரித்தானியாவில் கொடுக்கும் எம்.ஓ.டி. சான்றிதழ் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வருடாந்தச் சோதனை பிரேக், டயர், விளக்கு போன்றவற்றைப் பார்க்குமே தவிர, சமையல் அடுப்பையும் அதன் காஸ் குழாயையும் பார்ப்பதில்லை.